பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்குத் தனியாகச் சைக்கிளில், ஒரே நாளில்

ஒருவர் கேட்டிருந்தது இது: "பெங்களூர் ஈஜிபுராவில் குடியிருக்கிறேன். ஒரு ஹைபிரிட் சைக்கிள் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் 60, 80 கிலோமீட்டர் ஓட்டுவேன். நந்தி மலைக்கும் போய் வந்திருக்கிறேன். தனியாகத் திருவண்ணாமலை வரை ஒரே நாளில் போக ஆசை. என்னால் முடியுமா? எப்படிப் பிரித்துக்கொள்வது, என்ன எடுத்துப் போவது? லாரிகளுக்கு நடுவே தனியாகப் போவது ஆபத்தில்லையா? ரோடு பைக் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டுமா?"

முடியும். வளைந்த ஹேண்டிலும் ஒல்லி டயரும் வைத்த ரோடு பைக் என்கிற வேகச் சைக்கிள் வேண்டாம், நேர் ஹேண்டில் வைத்த உங்கள் ஹைபிரிட்டே போதும். நந்தி ஏறி இறங்கி வீடு திரும்புகிற கால்களுக்கு இந்த 200 கிலோமீட்டரைத் தாங்கும் வலு இருக்கும். இந்த வழியில் போய்ப் பாதியில் பஸ் ஏறியவர்களை விசாரித்தால் கால் வலி என்று சொல்பவர் குறைவு. மதியம் இரண்டு மணிக்கு ஊத்தங்கரைப் பக்கம் தலை சுற்றியது, இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். ஆக, வெயில் எந்த ஊரில் உங்களைப் பிடிக்கிறது, நின்ற இடங்களில் எவ்வளவு நேரம் போகிறது, இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மீதி தானாக நடக்கும். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி கடிகாரத்தைப் பற்றித்தான்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஓசூரும் ஏறக்குறைய அதே உயரம்தான். கிருஷ்ணகிரிக்கு வந்தால் சுமார் 500. திருவண்ணாமலை 200க்கும் கீழே. மொத்தத்தில் எழுநூறு மீட்டர் இறங்குகிறீர்கள். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணையும் இதே சரிவில்தான் போகிறது. ஓசூரருகே கெலவரப்பள்ளி அணை, அடுத்து கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே சாத்தனூர் அணை. சாலை ஆற்றை ஒட்டியே போகாது என்றாலும் இரண்டுக்கும் திசை ஒன்று.

இறக்கம் என்றதும் சந்தோஷப்படாதீர்கள். சிக்கலே அதில்தான் இருக்கிறது. இறக்கத்தின் பெரும்பகுதி கிருஷ்ணகிரிக்குள் முடிந்துவிடுகிறது. அதுவும் விடிகாலைக் குளிரில், அகலமான சாலையில், உடம்பு புதுசாக இருக்கும்போது. சைக்கிள் மீட்டரில் சராசரி வேகம் மணிக்கு 26, 27 என்று காட்டும். இப்படியே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலை என்று மனசு கணக்குப் போடும். கிருஷ்ணகிரிக்கு அப்புறம் சாலை சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக மாறுகிறது, வெயில் ஏறுகிறது, காலையில் வேகமாக மிதித்ததற்கெல்லாம் அங்கே வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். அதனால் முதல் 80 கிலோமீட்டரில், பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். தனியாகப் போகிறவருக்குப் பேச ஆளில்லை; ஒரு பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் கியரைக் குறையுங்கள்.

தூரங்களைத் தோராயமாகச் சொல்கிறேன். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஓசூர் 30 சொச்சம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50. கிருஷ்ணகிரி - ஊத்தங்கரை 45. ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் 40க்குக் கொஞ்சம் குறைவு. செங்கம் - திருவண்ணாமலை 35. உங்கள் வீட்டிலிருந்து எல்லாம் சேர்த்து 200ஐ ஒட்டி வரும். ஹைபிரிட்டில், தனியாக, முன்னால் காற்றை மறைத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் மணிக்கு 20 என்று வைத்தால் மிதிக்கும் நேரம் மட்டும் பத்து மணி. நிற்பதற்கு மூன்றரை மணி. ஆகப் பதின்மூன்றரை. இது நான் வசதிக்காகச் சொல்லும் கணக்கு இல்லை. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் உலகம் முழுக்க நடைமுறைப்படுத்தும் 'பிரெவே' என்கிற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு இதே பதின்மூன்றரை மணி நேரம்தான் கெடு. பெங்களூரிலும் இந்த ஓட்டங்கள் வழக்கமாக நடக்கின்றன. தனியாகக் கிளம்புவதற்கு முன்னால் அப்படி ஒன்றில் கலந்துகொள்ளச் சொல்வேன். அதில் கட்டாயமாக்கியிருக்கும் ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு, ஒளிரும் மேலங்கி இவை நாலும் உங்கள் பயணத்துக்கும் கட்டாயம்.

எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரி முதல் தரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாம் தரம். வெயில் இருந்தாலும் மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்று கிழக்கே போகிற உங்கள் முதுகைத் தள்ளிவிடும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்; பெங்களூர் வெயிலை வைத்து அந்தப் பக்கத்து வெயிலை எடை போடக் கூடாது. நவம்பர், டிசம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துப் போனது. கடற்கரையிலிருந்து அவ்வளவு உள்ளே இருக்கும் ஊர்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. இன்னொன்று, பௌர்ணமி வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கிளம்பும் நேரம் காலை நாலு. நாலரை ஆனாலும் பரவாயில்லை, ஐந்து ஆகக் கூடாது. மடிவாளா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி என்று பகலில் நீங்கள் திட்டிக்கொண்டே கடக்கும் அதே ஓசூர் ரோடு அந்த நேரத்தில் வேறு ஊர் மாதிரி இருக்கும். மேம்பாலச் சாலையில் ஏறாமல் கீழேயே போங்கள். எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா, அத்திப்பள்ளி வரை இருட்டு. இந்த இருட்டில் ஓடுகிற லாரியைவிட நிற்கிற லாரிக்குத்தான் நான் பயப்படுவேன். டிரைவர் தூங்கிக்கொண்டிருப்பார், பின்னால் விளக்கு எரியாது, ஒளிரும் பட்டை மேல் ஒரு இஞ்சு சேறு. உங்கள் விளக்கு பத்து மீட்டருக்கு மட்டும் வெளிச்சம் தருகிற பொம்மை விளக்காக இருந்தால் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. 400 லூமனுக்குக் குறையாத முன் விளக்கு, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. இரண்டு எதற்கு என்றால், பின் விளக்கு அணைந்துபோனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. குழுவாகப் போனால் யாராவது சொல்வார்கள். பகலிலும் ஒன்றை மினுக்கிக்கொண்டே வைத்திருங்கள்.

ஜூஜூவாடி தாண்டி ஓசூரில் முதல் நிறுத்தம். ஒரு டீ, இரண்டு வாழைப்பழம், பத்து நிமிடம். இங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிடத் தோன்றும். சூளகிரி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது நன்றாக விடிந்திருக்கும், 60 கிலோமீட்டரும் முடிந்திருக்கும். கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் எதிர்ப்பக்கம் பெங்களூருக்குப் பறந்துகொண்டிருக்கும். காலை டிபன் இங்கேதான், இட்லியோ பொங்கலோ. பூரி, வடை எதுவும் வேண்டாம். எண்ணெய் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு கிருஷ்ணகிரி வரை ஏப்பமாக வரும்.

இனி லாரி விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை இது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற அதே சாலை. சென்னைக்குப் போகிற 48ஆம் எண் சாலையும் கிருஷ்ணகிரி வரை இதோடு சேர்ந்தே வருகிறது. போக்குவரத்து அதிகம்தான். ஆனால் இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நல்ல அகலமான தார் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டாத வரை பின்னால் வரும் லாரிக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. நீண்ட தூரம் ஓட்டும் லாரி டிரைவர்கள் சைக்கிளுக்கு இடம் விட்டுத்தான் போகிறார்கள். சிக்கல் வருவது மூன்று இடங்களில்.

ஒன்று, மேம்பாலங்கள். பாலத்தின் மேல் அந்த ஓரத் தார் திடீரென்று காணாமல் போய், கைப்பிடிச் சுவரும் வெள்ளைக் கோடும் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு நடுவே வரும் பாலமென்றால் சர்வீஸ் ரோட்டில் இறங்கிக் கீழேயே போய் மறுபடி ஏறுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். இரண்டு, சர்வீஸ் ரோடு வந்து சேரும் வாய்கள். பஸ்காரர் இடதுபக்கமிருந்து நுழைவார், அவர் பார்வை வலதுபக்கம் வரும் கார்கள் மேல் இருக்கும், நடுவில் இருக்கும் உங்கள் மேல் இருக்காது. மூன்று, ராங் சைடு. உங்கள் ஓரத்திலேயே எதிரே பைக், டிராக்டர், சமயத்தில் கரும்பு லோடு. எதிரே வருபவர் ஓரத்துக்குப் போக, நீங்கள் லாரி பக்கம் ஒதுங்க நேரிடும். அப்படி ஒதுங்காதீர்கள். நின்றுவிடுங்கள், காலை ஊன்றி நில்லுங்கள்; அவர் சுற்றிக்கொண்டு போவார். ஹேண்டிலின் வலது முனையில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் இதெல்லாம் பாதி சுலபமாகிவிடும். நூற்றைம்பது, இருநூறு ரூபாய்ச் சாமான், மற்ற எல்லாவற்றையும்விட நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே மேலுமலை இறக்கம். விபத்துகளுக்குப் பேர்போன இடம். லாரிகள் கியரில் உறுமிக்கொண்டு இறங்கும், கார்கள் அவற்றை முந்தும். பெரிய வண்டி உங்களைக் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், வண்டி தாண்டியதும் உள்ளே இழுக்கும். பழகாதவர்கள் பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார்கள், அதில்தான் வண்டி ஆடும். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, பிடியைத் தளர்த்தி, வேகத்தை 35க்குள் வைத்தால் போதும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரமாகப் போய்விடலாம். ஊருக்குள் நுழையும்போது மணியைப் பாருங்கள். எட்டரை, ஒன்பது என்றால் நன்றாகப் போகிறீர்கள். பத்தாகிவிட்டது, அல்லது பசி எடுக்கவில்லை, தலை கனக்கிறது, முழங்காலில் குத்துகிறது என்றால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு நிமிடத்துக்கொரு பஸ் என்கிற அளவுக்கு வசதி இருக்கும் கடைசி ஊர் இதுதான். 80, 85 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, கேவலம் ஒன்றுமில்லை. இதற்கு அப்புறம் திரும்புவது முன்னே போவதைவிடச் சிரமம். தனியாகப் போகும்போது "சும்மா வா, பார்த்துக்கலாம்" என்று இழுக்கவும் ஆளில்லை, "போதும்பா" என்று தடுக்கவும் ஆளில்லை. அந்த முடிவைக் களைத்த மண்டையிடம் விடாமல் முந்தின நாள் ராத்திரியே ஒரு காகிதத்தில் எழுதி ஹேண்டில் பையில் போட்டுவிடுங்கள்: பத்து மணிக்கு மேல் கிருஷ்ணகிரி என்றால் பஸ்.

போவது என்று முடிவானால் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு திண்டிவனம் போகும் 77ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். பழைய ஆட்கள் இதை 66 என்பார்கள், எண் மாறிவிட்டது. இங்கிருந்து எல்லாமே மாறுகிறது. இரைச்சல் குறைகிறது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. ஜூன் மாதமென்றால் சாலையோரம் குவித்துவைத்த பெங்களூரா, இங்கே கிளிமூக்கு என்பார்கள், மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களில் அதன் வாசனை. மத்தூர், சாமல்பட்டி, ஊத்தங்கரை. சாலை குறுகலாகும் இடங்களில் எதிரே வரும் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு உங்கள் பாதிக்கு வந்துவிடும். ஹெட்லைட்டை அடிப்பார், "நான் வருகிறேன், நீ இறங்கு" என்பதுதான் அதற்கு அர்த்தம். நியாயம் பேசாமல் மண்ணில் இறங்கிவிடுங்கள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலைந்து விரல் உயர வித்தியாசம் இருக்கும் இடங்களில் சாய்வாக இறங்கினால் சக்கரம் வழுக்கும். வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பி, ஒரே மூச்சில் இறங்க வேண்டும்.

பஞ்சர் ஆனால் ஆணியைத் தேடாதீர்கள். நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துக் கிடக்கும் ரப்பர் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி தலைமுடி கனத்தில் இழை இழையாகப் பிரிந்து ஓரத்துத் தாரில் கிடக்கிறது. அது உங்கள் டயரில் ஏறிவிட்டால் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. டியூபை மாற்றிக் காற்றடித்து ஐந்து கிலோமீட்டர் போனதும் மறுபடி இறங்கிவிடும். அதனால் டியூபைக் கழற்றியதும் கையோடு காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள், வால்விலிருந்து அது எத்தனை தூரம் என்று அளந்து டயரில் அதே இடத்தைப் பிடியுங்கள். உள்பக்கம் விரலைவிட்டுத் தடவினால் விரலைக் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சு அல்லது பழைய மஸ்லின் துணியை உருட்டித் தடவினால் கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடித்து இழுக்க நகம் போதாது. புருவத்துக்குப் பயன்படுத்தும் சின்ன இடுக்கி ஒன்றைப் பஞ்சர் டப்பாவில் போட்டுவையுங்கள். வெயிலில் சாலையோரம் குந்தி உட்கார்ந்து அந்த அரை சென்டிமீட்டர் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்கும்போது, இதற்காகவா இருபது நிமிடம் போச்சு என்றிருக்கும்.

டியூப் இரண்டு, பேட்ச், டயரை நெம்பிக் கழற்ற லீவர் மூன்று, கைப்பம்ப். உங்கள் சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு பித்தளை அடாப்டர் கட்டாயம். அது இல்லாமல் லாரி பஞ்சர் கடையில் எவ்வளவு பெரிய கம்ப்ரஸர் இருந்தாலும் உங்களுக்கு உபயோகமில்லை. அடாப்டர் போட்டு அடிக்கும்போதும் நீங்களே பிடியுங்கள். கடைப்பையன் லாரி டயர் ஞாபகத்தில் அழுத்தினால் டியூப் வெடிக்கும். 32, 35 மில்லிமீட்டர் டயருக்கு 60 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் போதும். இவற்றோடு ஆலன் கீ செட், ஒரு செயின் லிங்க், நாலைந்து கேபிள் டை. மாற்றுத் துணி ஒரு செட், செருப்பு, பவர் பேங்க், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாம் பின் கேரியரில்; முதுகுப் பை மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கழுத்து உங்களுடையதாக இருக்காது.

தண்ணீர்க் கணக்கு: மணிக்கு அரை லிட்டர் குறைந்தது, வெயில் ஏறியதும் முக்கால். தாகம் எடுத்துக் குடிப்பது தாமதம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால் உப்பு குறைந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வாந்தி வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று அதில் போட்டிருப்பதை மீறாமல், ஒரு பாட்டிலில் அது, இன்னொன்றில் வெறும் தண்ணீர். வழியில் இளநீர், நீர்மோர், எலுமிச்சை உப்பு சோடா எல்லாம் நல்லது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். ஜெல், புரோட்டீன் பார் என்று காசைக் கொட்ட வேண்டாம். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட வேகவைத்த சர்க்கரைவள்ளி. ஹெல்மெட் வாரில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருந்தால் உப்பைக் கூட்டுங்கள். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, வியர்வை நின்றுபோனாலோ, ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றாலோ விளையாட்டு முடிந்தது. நிழலில் படுத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், 108க்குப் போன் போடச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்பி வைத்திருப்பது அடிப்படை. பாக்கெட்டில் பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டை. போன் உடைந்தாலும் அட்டை பேசும்.

பதினொன்று, பதினொன்றரைக்கு ஊத்தங்கரை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 130 கிலோமீட்டர் ஆகிவிட்டது, இன்னும் எழுபதுதானே, ஒரேயடியாக முடித்துவிட்டு ரூமில் போய்ப் படுக்கலாம் என்று தோன்றும். அப்படி மிதித்தால் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை, நாளின் மோசமான வெயிலில், மோசமான களைப்போடு ஓட்டுவீர்கள். நிறுத்துங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டேகால் வரை முழுசாக நிறுத்துங்கள். நான் மேலே சொன்ன மூன்றரை மணி நிறுத்தத்தில் இரண்டு மணி இதற்குத்தான். காலையில் டீக்கடை டீக்கடையாகப் பத்துப் பத்து நிமிடம் கரைத்தவருக்கு இந்த ஓய்வு கிடைக்காது. தயிர் சாதமோ ரசம் சாதமோ, வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்துச் சாப்பிடுங்கள். வாழை இலையில் சாம்பார், வத்தக்குழம்பு, பாயாசம் என்று ஒரு கட்டு கட்டினால் அன்றைக்குப் பயணம் இல்லை, தூக்கம்தான்.

தூங்கவும் வேண்டும், இருபது நிமிடமாவது. தனி ஆளுக்கு இங்கே ஒரு தொல்லை: சைக்கிளை யார் பார்ப்பது? கழிவறைக்குப் போனாலும் இதே கேள்விதான். ஹோட்டல் முதலாளியிடமோ கல்லாவில் இருக்கும் அக்காவிடமோ நேராகப் போய், "பெங்களூர்லேருந்து சைக்கிள்ல வர்றேங்க்கா, கொஞ்ச நேரம் இங்க வெச்சுக்கட்டுமா, பார்த்துக்குறீங்களா" என்று கேட்டுவிடுங்கள். பூட்டைவிட இது வலுவான ஏற்பாடு. பெங்களூரிலிருந்து சைக்கிளிலா, எதுக்கு, பெட்ரோல் விலைக்காகவா, வேண்டுதலா, வீட்டில் சண்டையா என்று ஐந்து நிமிடம் விசாரணை நடக்கும். வேண்டுதல் என்று சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். சும்மாதான் என்றால் யாரும் நம்புவதில்லை. பிறகு ஒரு பெஞ்சு காட்டுவார்கள். கழிவறைக்குப் பெட்ரோல் பங்குகள்தான் நம்பகம். அங்கே கழிவறையும் குடிநீரும் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பெண்கள் தனியாக ஓட்டும்போது தங்கள் நிறுத்தங்களைப் பங்குகளை வைத்தே அமைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், நல்ல வழி.

இரண்டேகாலுக்குக் கிளம்பினால் சிங்காரப்பேட்டை. இந்த மொத்தப் பாதையிலும் எனக்குப் பிடித்த துண்டு இங்கிருந்து செங்கம் வரை. இடதுபக்கம் ஜவ்வாது மலை ரொம்ப தூரம் கூடவே வருகிறது. புளியமரங்கள் மிச்சமிருக்கும் இடங்களில் சாலை முழுக்க நிழல். ஏரிக்கரை, கரும்பு, நெல் காயவைத்துச் சாலையின் ஓரத்தை வளைத்துப்போட்ட விவசாயிகள். அந்த நெல் மேல் ஏற்றாதீர்கள், திட்டு விழும், சக்கரமும் வழுக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் நாலைந்து பேராக வந்து உங்களோடு பந்தயம் விடுவார்கள். இரண்டு கிலோமீட்டர் முழு மூச்சில் மிதித்து உங்களைத் தோற்கடித்துவிட்டு வீட்டுப்பக்கம் திரும்பிவிடுவார்கள். தோற்றுப்போய்விடுங்கள், இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது.

நாய்களும் இந்தக் கிராமப் பகுதியில்தான் அதிகம். துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள்; ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டலாக "ஏய், போ!" என்றால் பெரும்பாலும் நின்றுவிடும். நடந்தே அதன் எல்லையைத் தாண்டிவிட்டு ஏறுங்கள். கடித்துவிட்டால் காயத்தை சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, பயணத்தை அத்தோடு விட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலரை வாக்கில் செங்கம். நடுகற்களுக்குப் பேர்பெற்ற வட்டாரம் இது. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்குப் பல்லவர் காலத்தில் வட்டெழுத்து வெட்டி நட்ட கற்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையக் கிடைத்திருக்கின்றன. தேடிப் போக இன்றைக்கு நேரமில்லை. டீ, பிஸ்கட், விளக்குகளுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். இங்கே கை மரத்துப்போயிருந்தால் பயப்படாதீர்கள். ஹைபிரிட்டின் நேர் ஹேண்டிலில் உள்ளங்கை ஒரே இடத்தில் அழுந்தி, சுண்டுவிரல் பக்கத்து நரம்பு நசுங்குவதால் வருவது. இதைத் தவிர்க்கத்தான் ஹேண்டிலின் இரு முனையிலும் கொம்பு மாதிரி பார்-எண்ட் மாட்டச் சொல்வார்கள். ரோடு பைக்குக்குச் செலவு செய்வதற்குப் பதில் இதையும் பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸையும் வாங்குங்கள். அந்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, தையல் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். தொடை இடுக்கில் காலையிலேயே வாசலின்.

கடைசி 35. வானம் தெளிவாக இருந்தால் வழியிலேயே அண்ணாமலை தெரிய ஆரம்பித்துவிடும். 800 மீட்டருக்கு மேல் உயரம், சுற்றிலும் சமவெளி. அதனால் பக்கத்தில் இருப்பது போலவே காட்டும், மிதிக்க மிதிக்க அங்கேயே நிற்கும். அதைப் பார்த்துக் கிலோமீட்டர் கணக்குப் போடாமல் மைல்கல்லைப் பாருங்கள். ஆறு மணிக்கு ஒட்டி இருட்டத் தொடங்கும்; கடைசி ஐந்து, பத்து கிலோமீட்டருக்கு விளக்குத் தேவைப்படலாம்.

செங்கம் சாலை ஊருக்குள் நுழையும்போது கிரிவலப் பாதையோடு சேர்ந்துவிடுகிறது, ரமணாசிரமத்தைத் தாண்டித்தான் ஊர். பௌர்ணமி வேண்டாம் என்றது இதற்காகத்தான். அன்றைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், வண்டிகளை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ரூம் கிடைக்காது, மறுநாள் பெங்களூர் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். மற்ற நாட்களில் ஆசிரமத்தைச் சுற்றியே தங்குமிடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி, சைக்கிளை உள்ளே வைக்க விடுவார்களா என்று கேட்டு வையுங்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் அப்போது தெரியும் படியின் அருமை.

சென்னை எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போனால் இன்னும் சீக்கிரமில்லையா என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். ஒசகோட்டையில் தொடங்கும் அந்தச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கே அனுமதியில்லை, மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையிலும் 2023 ஆகஸ்டிலிருந்து அதே கதைதான். சைக்கிளுக்கு இருப்பது பழைய சாலைகள்தான்.

திரும்பி வருவதற்கு, மறுநாள் காலை பெங்களூர் பஸ். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து நிலையத்துக்குப் போய், டிரைவர், கண்டக்டர் இருவரிடமும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பின் டிக்கி இருக்கும் பஸ்ஸாக இருந்தால் இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் படுக்கவைத்துவிடலாம், லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள். கியரை மாற்றும் டிரெய்லியர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். சங்கிலி எண்ணெய் மற்றவர் மூட்டையில் படாமல் ஒரு பழைய பெட்ஷீட் அல்லது சாக்கு சுற்றிக்கொள்ளுங்கள், கண்டக்டர் சம்மதிப்பதே பல சமயம் அந்தச் சாக்கைப் பார்த்துத்தான். முதல் பஸ்காரர் முடியாது என்றால் அடுத்த பஸ், அவரும் முடியாது என்றால் அதற்கடுத்தது. மூன்றாவது ஆள் ஏற்றிக்கொள்வார்.